யார் சொன்னால் நம்பலாம்?

பூமி சூரியனைச் சுற்றுவதை நான் பார்த்ததில்லை. என் கொள்ளுத்தாத்தாவின் பெயர்கூட மற்றவர் சொல்லித்தான் தெரியும். கல்லூரியில் தத்துவம் நடத்திய காலத்தில், அறிவு எவ்வழி வருகிறது என்று ஆராயும் அளவையியல் பாடத்தை இப்படித்தான் தொடங்குவேன். உலகாயதர் நேரில் காணும் காட்சி ஒன்றே போதும் என்றார்கள். பௌத்தர் ஊகித்தறியும் கருதலையும் சேர்த்து இரண்டோடு நின்றார்கள். எங்கள் சைவ சித்தாந்தம் பிறர் சொல்லாகிய உரையையும் சேர்த்து மூன்று என்றது. மாணவர்கள் எப்போதும் பௌத்தர் கட்சி. "அடுத்தவன் சொல்றதை எப்படி சார் அறிவுன்னு ஒத்துக்கறது?" என்பார்கள். அவர்களே இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டு, காலை வணக்கத்தோடு சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டு வைத்தியமும் அனுப்புகிறார்கள். யார் கண்டது என்று கேட்டால், "வந்துச்சு சார், அனுப்பினேன்."

நம்பத்தக்கவரின் சொல்தான் உரையளவை என்கிறது நியாய சூத்திரம். அதற்குப் பாஷ்யம் செய்த வாத்ஸ்யாயனர், அந்த நம்பத்தக்கவருக்கு, அதாவது ஆப்தருக்கு, இரண்டு தகுதி வைத்தார்: பொருளை நேரே உணர்ந்திருக்க வேண்டும், உணர்ந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். குலத்தைக் கேட்கவில்லை. ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இதுவே இலக்கணம் என்று சேர்த்தும் எழுதினார்.

1998ல் லான்செட் இதழில் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வந்து, எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்ற பயத்தைக் கிளப்பியது. முதன்மை ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் ஒரு மருத்துவர். 2010ல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனின் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீங்கியது. பட்டம், ஆய்வுக்கூடம், இதழ் எல்லாம் இருந்தன. உணர்ந்தபடியே சொல்லும் அந்த இரண்டாம் தகுதியில்தான் ஓட்டை.

இப்போது ஏஐ வந்திருக்கிறது. "மனுஷன்தான் சார் பக்கச் சார்பா பேசுவான், இதுக்கு எந்தக் கட்சியும் இல்லையே" என்றார் ஓர் ஆராய்ச்சி மாணவர். எனக்குச் சிரிப்பு வந்தது. தம்மை அறியாமலே அவர் மீமாம்சகர் ஆகியிருந்தார். பிழை சொல்பவரிடமிருந்து வருவது. வேதத்தைச் செய்தவர் எவருமில்லை. ஆகவே அதில் பிழைக்கு வழியில்லை என்பது அவர்கள் வாதம். நியாய சூத்திர வழி வந்த நையாயிகர் ஒப்பவில்லை. சொல்பவர் இல்லையென்றால் பிழை மட்டுமா போகும், நம்பகமும் சேர்ந்தல்லவா போகும்? வேதத்துக்கும் ஈசுவரன் என்ற ஆப்தர் வேண்டும் என்றார்கள். இந்த வழக்கில் நான் நையாயிகர் பக்கம். இயந்திரம் எதையும் கண்டதில்லை. கண்டதை அப்படியே சொல்லும் ஆசையும் அதற்கில்லை. பெயர் உதிர்ந்த எத்தனையோ மனிதர்களின் பேச்சைத்தான் அது கலந்து பேசுகிறது. வாழைத்தண்டு அனுப்பியவரும் அதில் உண்டு.

ஆய்வேட்டை நம்பலாமா என்று பார்க்க நம் பல்கலைக்கழகங்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல், அது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்னும் ஒப்புமை விழுக்காடு. யுஜிசியின் 2018 விதிப்படி 10 வரை தண்டனையில்லை. "ஏழுதான் சார்" என்று ஆய்வு மாணவர்கள் நிம்மதியாக வருவார்கள். மேற்கோள் காட்டிய நூலை ஒருமுறையாவது புரட்டினார்களா என்பது அந்த ஏழில் தெரியாது.

சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவத்துக்கு முந்தைய பெயர் சகலாகம பண்டிதர். ஆகமமெல்லாம் கற்றவர். திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் என்ற சிறுவர் பாடம் சொல்வதைக் கேள்விப்பட்டுப் போய், ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டாராம். மெய்கண்டார் அவரையே ஏற இறங்கப் பார்த்தாராம். நடந்ததா என்றால், எனக்கு இதுவும் உரைதான். ஆனால் பண்டிதர் சீடரான பின் எழுதிய சிவஞான சித்தியார் கையில் இருக்கிறது. பிறர் கொள்கைகளை எடுத்துப் பேசும் அதன் பரபக்கத்தில் உலகாயதரும் பௌத்தரும் முதலில் தங்கள் கொள்கையைச் சொல்லி முடிக்கிறார்கள், மறுப்பு பிறகுதான். உலகாயதர் பேசும் இடத்தில் நானே சற்று ஆடிப்போயிருக்கிறேன்.

வாய்மொழித் தேர்வுக்கு என்னை அழைத்தால் இப்போது ஒப்புமைச் சான்றிதழைத் திறப்பதில்லை. பரபக்கத்தின் வழியில், உங்கள் முடிவை மறுப்பவர் இங்கே உட்கார்ந்திருந்தால் என்ன பேசுவார், அவர் தலையாட்டும்படி சொல்லுங்கள் என்கிறேன். இதற்கும் ஏஐ பதில் எழுதிக் கொடுக்கும் என்பது தெரியும். ஆகவே அடுத்த கேள்வி: அவர் சொன்னதில் எதற்கு உங்களிடம் இன்னும் பதில் இல்லை?