காக்கப்படுவது எது?

மலக்குடலில் புற்று என்று அறிந்தவர் மருத்துவரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும், "பிழைப்பேனா?" என்பதே. அடுத்த கேள்வி குரல் தாழ்ந்து வருகிறது: "வயிற்றில் பை வைத்துவிடுவீர்களா?" இந்த இரண்டாம் கேள்விக்குள் அறச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது.

1908-இல் இலண்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் விளக்கிய முறையில் மலக்குடலோடு ஆசனவாயும் அகற்றப்பட்டது. எஞ்சிய வாழ்நாளெல்லாம், வயிற்றில் அமைத்த திறப்பின் வழியேதான் மலம் வெளியேறும். 1982-இல் இங்கிலாந்தின் பில் ஹீல்டு, மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புத் திசுவை உறை கிழியாமல் முழுதாகப் பிரித்தெடுக்க வேண்டும் என்று எழுதினார். நோய் அதே இடத்தில் மீண்டும் தோன்றுவது பெரிதும் குறைந்தது. தையல் கருவிகளும் வளர, ஆசனவாயின் சுருக்குத் தசையைக் காத்துக் குடலை மீண்டும் இணைப்பது பலருக்கு இயல்வதாயிற்று. இது பெரும் நன்மை, ஐயமில்லை.

ஆயினும் அதற்கு விலை உண்டு. இணைத்த இடம் கசியலாம். கசிவு சில வேளைகளில் உயிருக்கே உலை வைக்கும். 2007-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், தற்காலிகத் திறப்பு அமைக்கப்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், அமைக்கப்படாதோரில் 28 பேருக்கும் கசிவின் அறிகுறிகள் கண்டன. ஆகவே தாழ்வான இணைப்புகளுக்குத் தற்காலிகப் பை வைக்கிறார்கள். சிலருக்கு அந்தத் தற்காலிகமே நிரந்தரமாகிவிடுவதும் உண்டு.

இணைப்பு நன்கு ஆறிய பின்னும், மலத்தைத் தேக்கிவைத்த உறுப்பு இல்லையே! அடிக்கடி உந்துதல், அடக்க இயலாத அவசரம், சென்று வந்த சில நிமிடங்களில் மீண்டும் செல்லும் தேவை, தன்னையறியாத கசிவு. கதிர்வீச்சு பெற்றோருக்கு இத்தொல்லை மிகுதி. ஓரிரு ஆண்டுகளில் பலருக்குத் தணிகிறது, எல்லோருக்கும் அல்ல. ஆலயத்தில் கதவருகே இடம் தேடுகிறவரையும், பேருந்துப் பயணம் என்றாலே பட்டினி கிடப்பவரையும் நாம் காண்கிறோம், காரணம் அறிவதில்லை. மருத்துவக் குறிப்பிலோ 'தசை காக்கப்பட்டது' என்றிருக்கும்.

நிரந்தரத் திறப்பு இல்லாதோரின் வாழ்க்கைத் தரம் மேலானது என்று உறுதியாகக் கூற இயலவில்லை என்பதே 2012-இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. அப்படியானால் பையைக் கண்டு நாம் ஏன் இவ்வளவு அஞ்சுகிறோம்? அந்த அச்சத்தில் பாதி, அருகிலிருப்போர் முகஞ்சுளிப்பார்களே என்பதுதான். நம் அருவருப்பு ஒருவரை ஓர் அறுவையை நோக்கித் தள்ளுமானால், அவர் தேர்வு முழுச் சுதந்திரமானது என்று எப்படிச் சொல்வது?

அனைத்தும் அறிந்த பின்னும், "என் உடல் இயன்றவரை இயல்பாக இயங்கட்டும்" என்று ஒருவர் விரும்பினால் அதை வீண் பெருமை என ஒதுக்குவது கொடுமை. ஆனால் முன்பே தசை தளர்ந்த முதியவருக்கு மருத்துவர் பையைப் பரிந்துரைக்கும்போது, "எப்படியாவது அது வேண்டாம், டாக்டர்" என்று மக்கள் முந்திக்கொள்கிறார்கள். உடலுக்குரியவரோ அருகிலேயே அமர்ந்திருக்கிறார். அவரை எவரும் கேட்பதில்லை.