மறைக்க என்ன இருக்கு?

'எங்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?' பிள்ளையின் பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், கார் எண், லங்காவிப் பயணம் என்று எல்லாவற்றையும் முகநூலில் போடுகிறவர்களிடம் 'கொஞ்சம் கவனமா இருங்க' என்றால் இந்தப் பதில்தான் வரும். தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்ற நிமிர்வு அதில் இருக்கிறது. எனக்கு இடறுவது அந்த 'எங்கிட்ட' என்ற சொல். நாம் வெளியே வைப்பது நம்மை மட்டும்தானா?

அடி தாங்க முடியாமல் கணவனை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்ட ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். எண்ணை மாற்றிவிட்டாள், முகநூல் கணக்கையும் மூடிவிட்டாள். ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். சின்னம்மா ஒருவர் குடும்பப் படத்தைப் போட்டு, 'ரொம்ப நாள் கழிச்சு எல்லாரும் ஒண்ணா' என்று எழுதுகிறார். கீழே ஒருவர், 'இப்ப எங்கம்மா வேலை பாக்குது?' என்று கேட்க, இன்னொருவர் பதிலும் சொல்லிவிடுகிறார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சின்னம்மாவிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான். மறைய வேண்டியிருந்தவள் வேறொருத்தி.

இதே கதை பெரிய அளவில் நடந்ததுதான் 2018இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம். முகநூலில் ஆளுமைத் தேர்வு ஒன்றைச் செய்து பார்க்கும் செயலியைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 270,000 பேர். ஆனால் 87 மில்லியன் பேர் வரையிலானவர்களின் தகவல்கள் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே சொன்னது. மற்றவர்கள் செய்த குற்றம், அந்தச் செயலியைப் பயன்படுத்தியவர்களுக்கு நண்பர்களாக இருந்தது மட்டுமே. ஒருவர் 'சரி' என்று அழுத்தியது முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா? மலேசியாவின் 2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. சொந்த, குடும்ப விஷயங்களுக்காக ஒருவர் கையாளும் தகவல் அதன் எல்லைக்குள் வராது. சிங்கப்பூரில் ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் குற்றம். நல்ல சட்டம்தான். ஆனால் நம் சின்னம்மா வியாபாரியும் இல்லை, துன்புறுத்துகிறவரும் இல்லை. அன்பினால் செய்யப்படும் வெளிப்படுத்தலைச் சட்டம் அநேகமாகத் தொடுவதில்லை. அதை மனசாட்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'நாமெல்லாம் தோட்டத்துல வளர்ந்தவங்க, ஒளிவு மறைவு நமக்குப் பழக்கமில்லை' என்று சிலர் சொல்வதுண்டு. லயத்து வீட்டில் பக்கத்து வீட்டுச் சண்டை பலகைச் சுவரைத் தாண்டிக் கேட்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே கேட்டவர் யார் என்று கேட்கப்பட்டவருக்கும் தெரியும். நாளைக்கு நம் சத்தம் அவர்களுக்குக் கேட்கும் என்ற பயம் இருபக்கமும் இருந்தது. அந்தப் பயமே ஒரு மரியாதையாக வேலை செய்தது. இப்போது பார்க்கிறவனின் முகம் நமக்குத் தெரியாது. தோட்டத்தில் பேச்சு நாலு நாளில் ஓய்ந்துவிடும். இங்கே நாலு வருடம் கழித்தும் தேடினால் கிடைக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 'வீட்டு விஷயம் வெளிய போகக்கூடாது' என்று சொல்லிச் சொல்லித்தான் நம் பெண்களை அடி வாங்க வைத்தோம். அப்படிப்பட்டவர்களில் ஒருத்தி தன் காயத்தைப் படம் பிடித்துப் போட்டால், அவளிடம் போய் 'அந்தரங்கத்தைக் காப்பாற்று' என்று சொல்வது அயோக்கியத்தனம். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இதை மறைப்பதா, சொல்வதா என்ற கேள்வியாக நான் பார்க்கவில்லை. யாருடைய கதையோ, அதைச் சொல்லும் உரிமை அவருக்கே. காயத்தைக் காட்ட அவளுக்கு இருக்கும் உரிமையும், கல்யாணப் படத்தில் இல்லாமல் இருக்க இன்னொருத்திக்கு இருக்கும் உரிமையும் ஒன்றுதான்.

அந்த உரிமையைக் கேட்டு வாங்க முடியாதவர்கள் குழந்தைகள். முகநூலின் விதிப்படி கணக்கு தொடங்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். ஆனால் பிறந்த அன்றே ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்த படம் முதல், தொட்டில் கட்டியது, மொட்டை அடித்தது, பரீட்சையில் தவறி அழுதது வரை அதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. தான் யார் என்று அந்தப் பிள்ளை ஊருக்குச் சொல்லும் முன்பே நாம் சொல்லி முடித்துவிடுகிறோம்.

'போடலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்பது நம்மிடையே இன்னும் கூச்சமான காரியம். சொந்தக்காரரிடம் போய் அனுமதி கேட்பதா, தப்பாக நினைப்பார்களே என்று தோன்றும். சாப்பாட்டுப் பந்தியில் 'இன்னும் கொஞ்சம் வைக்கவா?' என்று நாலு தடவை கேட்கிற நமக்கு, இதையும் ஒரு தடவை கேட்கப் பழகுவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. 'வேணாம்' என்று பதில் வந்தால், காரணம் கேட்காமல் விட்டுவிடத்தான் கூடுதலாகப் பழக வேண்டும்.