அறுபடாத வார்

இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைக் கழற்றி எறிவது முறையா? சிக்கனத்தைப் பண்பெனக் கற்று வளர்ந்த நமக்கு இவ்வினா எளிதன்று. கிழிந்த செருப்பை மாற்றுகிறோம். எரியாத விளக்கை மாற்றுகிறோம். மகிழுந்தின் 'டைமிங் பெல்ட்' என்னும் பல் பதித்த வாரை மட்டும், அது செவ்வையாக ஓடும்போதே மாற்றிவிட வேண்டும் என்கின்றனர்.

காரணம் அதன் பணியிலேயே உள்ளது. பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் பிணைப்பது அவ்வாரே. முன்னது இருமுறை சுழலுங்கால் பின்னது ஒருமுறை சுழல வேண்டும். ஒரு பல் பிசகினும் இயந்திரம் தடுமாறும். சங்கிலியும் பற்சக்கரமும் செய்துவந்த இவ்வேலையை, பெருமளவில் உற்பத்தியான கார்களுள் முதன்முதலாக, 1962இல் வெளிவந்த ஜெர்மானியக் 'கிளாஸ் 1004' ரப்பர் வாரிடம் ஒப்படைத்தது. 1985இல் மலேசியச் சாலைக்கு வந்த முதல் புரோட்டோன் சாகாவிலும் இத்தகைய வாரே இருந்தது. இன்று பல புதிய இயந்திரங்கள் மீண்டும் சங்கிலியை நாடியிருப்பது வேறு கதை.

ரப்பருக்கோ முதுமை உண்டு. வெப்பமும் கசியும் எண்ணெயும் அதனை நலிவிக்கும்; ஓடாது நிறுத்திவைத்த வண்டியிலும் ஆண்டுகள் அதனைத் தின்னும். எல்லை வண்டிக்கு வண்டி வேறுபடினும், ஓர் இலட்சம் கிலோமீட்டரைப் பல கையேடுகள் குறிக்கின்றன. அதனைக் கடந்து வார் அறுந்தால், பல இயந்திரங்களில் கேம் தண்டு நின்றுவிட, திறந்தபடி நிற்கும் வால்வுகள்மீது பிஸ்டன்கள் மோதும். ஒரு வாரின் விலையை மிச்சம் பிடித்தவர் இயந்திரத்தையே பிரித்துக் கோக்கும் செலவை ஏற்பார். ஆகவே, இங்கே எறிதல் வீணன்று.

ஆயின், சிக்கல் இதனோடு தீரவில்லை. வார் மூடிக்குள் மறைந்திருக்கிறது. திறந்து பார்த்தாலும், முதுமையுற்ற வார் பல வேளைகளில் புதியதுபோலவே தோன்றும். எனவே, உரிமையாளர் பணம் தருவது பெரிதும் பட்டறைக்காரரின் சொல்லுக்கே. மாற்றாமலே மாற்றியதாகக் கணக்கெழுதலாம். காலம் வருமுன்னரே அச்சுறுத்தி மாற்றலாம். கூடவே நீர்ப்பம்பையும் மாற்றச் சொல்வதெல்லாம் பேராசை என்று எண்ணிவிடவும் கூடாது. அவ்வாரே பம்பையும் ஓட்டும் வண்டிகளில், ஒரே கூலியில் இரண்டையும் முடிப்பது நன்று. நல்லாலோசனையும் சுரண்டலும் ஒரே சொற்களில் பேசுகின்றன என்பதே இதிலுள்ள துயரம்.

பழைய வாரைத் திருப்பித் தருமாறு கேட்பது ஐயப்படுவதாகாதா என்று சிலர் தயங்குவர். நான் அவ்வாறு கருதவில்லை. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆராய்ந்தபின் நம்புவது நம்பப்படுபவருக்கு இழுக்கன்று. நேர்மையான தொழிலாளி, கேட்குமுன்னரே பழையதை மேசைமீது வைக்கிறார். மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு தாளில் எழுதி மூடிமேல் ஒட்டுகிறார்.

பட்டறைக்காரரைக் குறைகூறும் நாம் நம்மையும் பார்க்க வேண்டும். எல்லை நெருங்குவதை அறிந்து, வாரை மாற்றாமல், "நல்ல வண்டி, ஒரு குறையும் இல்லை" என்று விற்றுவிடுபவர் பொய் சொல்லவில்லை. வண்டி அன்று நன்றாகத்தான் ஓடுகிறது. வாங்கியவரோ மூடியில் தாள் ஏதும் இல்லாமை கண்டு, மாற்றியிருப்பார்களா இல்லையா என்றறியாமல், வாங்கிய வாரத்திலேயே புதிய வாருக்குப் பணம் கட்டுகிறார். அப்பணத்தில் எவ்வளவு ரப்பருக்கு, எவ்வளவு முன்னவரின் மௌனத்திற்கு?