நிலத்துக்குத் தேய்மானம் உண்டா?

"அழியிறதுக்குள்ள ஒரு தடவை பாத்துரணும் மாப்ளே" என்றான் நாகல் நகர் நண்பன். அவன் சொன்னது மாஜுலியை. அசாமில், பிரம்மபுத்திரா நடுவே இருக்கும் தீவு. அவனால் கடையைப் போட்டுவிட்டு வர முடியவில்லை. நான் போய் வந்தேன்.

அவன் சொன்ன வார்த்தைதான் வழியெல்லாம் உறுத்தியது. படுக்கையில் விழுந்துவிட்ட பெரியப்பாவைப் பற்றியும் நம் வீடுகளில் இப்படித்தான் பேசுவோம். 'ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க.' போகிறோம். அவருக்காகவா, நாளைக்கு நம் மனசு குத்தாமல் இருப்பதற்காகவா? பெரியப்பாவுக்காவது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி. தீவுக்கு வெறும் கேமராவோடு போகிறோம்.

பி.காம். படித்தபோது சொல்லிக்கொடுத்தார்கள்: கட்டடம் தேயும், மெஷின் தேயும், நாற்காலி தேயும். நிலத்துக்கு மட்டும் தேய்மானம் போடக் கூடாது. திண்டுக்கல்காரனுக்கு இதை நம்புவது சுலபம். எந்தத் தெருவில் நின்று அண்ணாந்தாலும் மலைக்கோட்டைப் பாறை அப்படியே இருக்கிறது. குடகனாற்றில் தண்ணீர் வந்தாலே எங்களுக்குச் செய்தி. ஆறு ஒரு ஊரைத் தின்னும் என்றால் சிரிப்போம்.

மாஜுலி, 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கும் மேல். இன்று அதில் பாதிகூட மிச்சமில்லை. 1950 ஆகஸ்ட் 15, சுதந்திர தினத்தன்று இரவு, 8.6 அளவில் ஒரு பூகம்பம் அசாமை உலுக்கியது. மலைகள் சரிந்து, மண் எல்லாம் ஆற்றில் இறங்கி, படுகை மேடாகிவிட்டது. ஆழம் போன ஆறு அகலம் தேடிக் கரையை அரித்தது. 2016-ல் மாஜுலியைத் தனி மாவட்டமாக்கினார்கள். கரைந்துகொண்டிருக்கும் மண்ணுக்கு ஒரு கலெக்டர்!

ஜோர்ஹாட் பக்கம் நிமாட்டி படித்துறையில் படகு ஏறவேண்டும். ஆள், பைக், கார் எல்லாம் ஒன்றாக. இறங்கினால்... அழகு சார், அப்படி ஒரு அழகு. மூங்கில் கால்களில் நிற்கும் மிஸிங் மக்களின் வீடுகள், குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள், கடுகுப் பூவின் மஞ்சள். சங்கரதேவர் வழிவந்த வைணவ மடங்களுக்கு அங்கே 'சத்ரா' என்று பெயர். நம் ஊர்ச் சத்திரம் இல்லை. பாட்டும் ஆட்டமும் நாடகமும் வளர்க்கிற இடம். சாமகுரி சத்ராவில் மூங்கில் கூடு கட்டி, துணி சுற்றி, களிமண்ணும் சாணியும் பூசி ராவணனுக்கு முகம் செய்கிறார்கள். 60-க்கும் மேல் இருந்த சத்ராக்களில் பாதிக்கு மேல் இன்று தீவில் இல்லை. நிலத்தை ஆறு எடுத்துக்கொள்ள, பல மடங்கள் பெயரையும் பாட்டையும் தூக்கிக்கொண்டு அக்கரைக்குக் குடிபோய்விட்டன.

'நான் அழகைப் பார்க்கத்தான் வந்தேன், அழிவைப் பார்க்க இல்லை' என்று இங்கே யாரும் தப்பிக்க முடியாது. வண்டலைக் கொண்டுவந்து போட்டதும் வாரிக்கொண்டு போவதும் ஒரே ஆறு.

சால்மோரா கிராமத்தில்தான் எனக்கு நிஜமான சிக்கல் வந்தது. பெண்கள் சக்கரமே இல்லாமல் கையால் பானை வனைகிறார்கள். அதைப் படகில் ஏற்றிப்போய் நெல்லுக்கு மாற்றிக்கொள்வது பல தலைமுறை வழக்கம். களிமண், ஆற்றங்கரையை ஆழமாகத் தோண்டி எடுப்பது. தோண்டினால் கரை இன்னும் சீக்கிரம் விழும் என்கிறார்கள் அதிகாரிகள். தப்பான வாதமில்லை. இப்போது நான் பானை வாங்கினால் கரைக்குக் கேடு. வாங்காவிட்டால் அடுப்புக்குக் கேடு.

போட்டோ மட்டும் எடுத்துவிட்டு, 'பாரம்பரியம் காக்கப்பட வேண்டும்' என்று எழுதிவிடலாம். ரொம்பச் சுத்தமான வழி, அதனாலேயே எனக்குச் சந்தேகம். எங்கள் ஊர்ப் பூட்டுக்கும் இந்த மரியாதை நடக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வந்தது. பட்டறையைப் படம் பிடிக்க ஆள் வருகிறது. வீட்டு வாசலில் தொங்குவது என்னவோ அலிகார் பூட்டு.

கரை விழுவதற்கு மண்வெட்டியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், பழி முழுக்க அதன் மேல் விழுகிறது என்றால், பிரம்மபுத்திராவைக் கைது செய்ய முடியாது என்பதுதான் விஷயம். இரண்டு பானை வாங்கினேன். பேரம் பேசவில்லை. ஒன்று ரயிலில் மேல் பெர்த்திலிருந்து விழுந்து உடைந்தது. மற்றொன்றில் ஆத்தூர் அணைத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம். கரை எத்தனை மண்வெட்டி குறைந்ததோ, தண்ணீர் என்னவோ ஜில்லென்றுதான் இருக்கிறது.