மௌனமும் கடனும்

பழி சுமந்து பதவி துறந்த அரசியல்வாதி, ஆண்டுகள் பல கடந்தபின் அந்தப் பழங்கதையைத் தாமே மக்கள் முன் எடுத்துரைக்க வேண்டுமா? வாய் திறவாதிருப்பதே கண்ணியம் என்பார் உண்டு. நாமும் பெரும்பாலும் அந்தக் கட்சிதான். ஆயினும் ஒரு சிக்கல் இருக்கிறது.

பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராயிருந்த ஜான் புரொஃபியூமோ, கிறிஸ்டீன் கீலர் என்ற இளம்பெண்ணுடன் தமக்குத் தகாத உறவேதும் இல்லையென்று 1963 மார்ச்சில் காமன்ஸ் சபையில் உறுதி கூறினார். ஜூனில், சொன்னது பொய்யென ஒப்புக்கொண்டு விலகினார். பின்னர் கிழக்கு லண்டனில் ஏழைகளுக்கென இயங்கிய டாயின்பி ஹாலில் ஊதியமின்றித் தொண்டாற்றினார். 2006இல், 91ஆம் வயதில் இறக்கும்வரை அவ்விவகாரம் பற்றிப் பொதுவில் பேசவேயில்லை.

1974 ஆகஸ்டில் பதவி துறந்த அமெரிக்க ஜனாதிபதி நிக்சனோ, 1977இல் டேவிட் ஃப்ராஸ்டுக்குத் தொலைக்காட்சிப் பேட்டியளித்தார். அதற்கு 6 இலட்சம் டாலர் பேசிக்கொண்டார். மக்களைக் கைவிட்டதாக வருந்தினாரே தவிர, சட்டப்படி குற்றம் புரிந்ததாக ஒப்பவில்லை. காசு வாங்கிக்கொண்டு படுகிற வருத்தத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

தன் பாவத்தை அடியான் தானே பறைசாற்றித் திரிவதை நம் மார்க்கம் வெறுக்கிறது. தவ்பா அடியானுக்கும் ரப்புக்கும் இடையிலுள்ளது. ஊரறிந்த பாவமேயாயினும் அதை மீண்டும் கிளறினால் மனைவி மக்களுக்கன்றோ நோவு! புரொஃபியூமோவை அவர் மனைவி கைவிடவில்லை. அந்த அம்மையாரை எண்ணும்போது அவரது மௌனம் நமக்கு மதிப்புக்குரியதாகவே படுகிறது.

ஆனால் ஹக்குல் இபாத், அதாவது மனிதருக்கு நாம் பட்ட கடன், வேறு கணக்கு. கீலரின் நண்பரான ஸ்டீபன் வார்டு, ஒழுக்கங்கெட்ட வருவாயில் வாழ்ந்ததாக அதே ஆண்டில் கூண்டிலேற்றப்பட்டார். பெரிய இடத்து நண்பர்கள் விலகிக்கொண்டனர். தீர்ப்புக்கு முந்திய இரவு அளவுமீறித் தூக்க மருந்தை விழுங்கினார். நினைவிழந்து கிடக்கையிலேயே குற்றவாளி என்றாயிற்று. ஆகஸ்ட் 3இல் மாண்டார். அவர் நிரபராதி என வழக்கறிஞர் ஜெஃப்ரி ராபர்ட்சன் 2013இல் ஒரு நூலே எழுதினார்.

தம் கதையைப் புரொஃபியூமோ சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்த விவகாரத்தின் புயலில் அழிந்த ஒருவருக்காகச் சில சொற்கள் பேசியிருக்கலாம். கேட்பதற்கு நாடே காத்திருந்தது. 1975இல் அரசாங்கம் அவருக்கு விருதளித்துக் கௌரவித்தது. வார்டு மீதான தீர்ப்பை மேல்முறையீட்டுக்கு அனுப்ப 2017இல் உரிய ஆணையம் மறுத்துவிட்டது.