ஓடியது எவர்? உயர்ந்தது எவர்?

பந்தயக் களத்தில் ஓடுவது மிருகம். மாலை சூடுவது மனிதன். இவ்விந்தையைச் சற்றே நின்று சிந்திப்போர் சிலரே.

கிண்டியிலும் உதகையிலும் சீமைக் குதிரைகள் ஓடிப் பேர்பெற்றன. நமது கம்பம் பள்ளத்தாக்கிலோ மாட்டு வண்டிப் பந்தயமே பெரிது. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு எனத் தரம் பிரித்து ஓட விடுவர். குதிரையாயினும் காளையாயினும் பழக்குபவன் படும் பாடு ஒன்றே. தீனியை அளந்து, நடையைப் பழக்கி, மாதக்கணக்கில் பாடுபட்ட பின்னரும், ஒரு கால் இடறினால் அத்தனையும் வீணாகிவிடும்.

குதிரையைப் பந்தயத்திற்குப் பக்குவப்படுத்துவதை அரபியர் 'இள்மார்' என்பர். முதலில் தீனியை மிகுதியாக அளித்து, பின்பு படிப்படியாகக் குறைத்து, கொட்டிலில் துணி போர்த்தி வியர்க்கச் செய்து உடலை இறுக்கும் முறை அது. அவ்வாறு பழகிய குதிரைகளை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஏறத்தாழ 5, 6 மைல் ஓடச் செய்தார்கள். பழகாதவற்றுக்கு வைத்த தொலைவோ ஏறத்தாழ 1 மைலே. ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. போட்டி ஆகுமானதே, ஆயின் உயிரின் சக்திக்கேற்பவே அதன் சுமை அமைய வேண்டும் என்பதை இதனின்று உணர்கிறோம்.

தோல்வி வந்தால்? நபிகளாரின் 'அள்பா' என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாதிருந்தது. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இள ஒட்டகத்தில் வந்து அதனை முந்தினார். தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயரும் எதனையும் தாழ்த்துவது இறைவனின் நியதி என்று நபிகளார் தேற்றினார்கள். ஒட்டகத்தின் மீது எவரும் பழி சுமத்தவில்லை.

நாமோ வென்றால், "என் பழக்கம்" என்கிறோம்; தோற்றால், "இந்த மாடு உதவாது" என்கிறோம். பெருமைக்குப் பங்காளியாகாத ஜீவன் இழிவுக்கு மட்டும் பொறுப்பாவது எந்த நீதி? "தீனி போட்டவன் நான், விற்பதும் அடிப்பதும் என் உரிமை" என்பார் உண்டு. விற்பது உரிமையாகலாம், வதைப்பது உரிமையன்று. மதீனாவின் தோட்டமொன்றில் கண்ணீர் வடித்த ஒட்டகத்தின் சொந்தக்காரரை அழைத்து, பட்டினி போட்டு வேலை வாங்கியதற்காக நபிகளார் கண்டித்தார்கள் அன்றோ? உடைமை என்பது அமானிதம். அதற்குக் கேள்விகணக்கு உண்டு.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017-இல் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று அத்திருத்தம் செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் ஓட்டுவதற்குத் தடை நீங்கிற்று; ஓட்டுவோனின் பொறுப்பு நீங்கவில்லை. களத்தில் ஓங்கும் தார்க்குச்சியை அதிகாரி காண்பார். தோற்ற இரவில், தொழுவத்தின் இருளில், அக்காளைக்குத் தண்ணீர் வைக்கப்பட்டதா என்பதை எவர் காண்பார்?

'ஆதியாத்' அத்தியாயத்தில் மூச்சிரைக்க விரையும் குதிரைகளின் மீது ஆணையிட்டுவிட்டு, மனிதன் நன்றி கெட்டவன் என்கிறான் இறைவன். பிடி தீனிக்காக உயிரைக் கொடுத்து ஓடுகிறது மிருகம். அதன் நன்றியைக் கண்டும் நாம் நன்றி கற்கவில்லையாயின், பழக்கப்பட வேண்டியது காளையன்று, நாமே.