கடலின்மீது ஏற்றிய பழி

‘இயற்கையின் சீற்றம்’ என்னும் தொடரை நாம் எத்துணை எளிதாகக் கையாளுகிறோம்! 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இலங்கையை ஊடறுத்துச் சென்றபோது பத்திரிகைகளும் வானொலியும் அரசியல் மேடைகளும் ஒரு குரலாய் உச்சரித்த தொடர் இதுவே. மாத்தளை மாவட்டத்துக் கம்மடுவையில் 24 மணி நேரத்துள் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. மலைச்சரிவுகள் பெயர்ந்தன; பாதைகள் அறுந்தன. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். சூறாவளிக்கு இடப்பட்ட பெயர் சொக்கோத்ராத் தீவிலுள்ள ஓர் அழகிய களப்பின் பெயராம். பெயரளவிலேனும் அழகு இருந்ததென்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

சீறியது இயற்கையாயின் நாம் செய்யக்கூடியது அழுவதும் அரிசி சேர்த்து அனுப்புவதுமே. சீற்றத்தின் பின்னால் மனிதர் நிற்பாராயின் கேள்வி வேறாகிவிடும். ஆகவே இத்தொடரை ஏற்பதா மறுப்பதா என்பதைச் சொல்லாராய்ச்சியாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது.

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுள் கடலைப் படத்தில் மட்டுமே கண்டவர் பலர் இருக்கக்கூடும். ஆயினும் அவர்களுடைய கூரைமேல் விழும் ஒவ்வொரு துளியும் கடலின் கணக்கில் எழுதப்பட்டதே. ஞாயிறு பொழியும் வெப்பத்தைப் பூமியில் சேர்த்து வைப்பது பெரும்பாலும் கடல்தான். கடலின் மேல்மட்டத்து மூன்று மீற்றர் நீர் தாங்கும் வெப்பம், வளிமண்டலம் முழுவதும் தாங்கும் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது. நடுக்கோட்டை ஒட்டிச் சேரும் இவ்வெப்பத்தை நீரோட்டங்கள் துருவப் பக்கமாகச் சுமந்து செல்கின்றன. அத்திலாந்திக்கில் அது வடக்கே சென்று ஐரோப்பாவின் குளிரைத் தணிக்க உதவுகிறது. இந்து சமுத்திரத்துக்கோ வடக்கு வாசலே கிடையாது. ஆசியக் கண்டம் சுவராய் நிற்கிறது. போதாக்குறைக்குப் பசிபிக்கின் வெந்நீரும் இந்தோனேசியத் தீவுகளின் இடுக்குகள் வழியே இங்கு வந்து சேர்கிறது.

நம் தீவைச் சுற்றியுள்ள கடலின் போக்கு இன்னும் விசித்திரமானது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இலங்கைக்குத் தெற்கே நீரோட்டம் கிழக்கு நோக்கி ஓடி, அராபியக் கடலின் உப்பு மிகுந்த நீரை வங்காள விரிகுடாவுக்குள் கொண்டு சேர்க்கிறது. மாரியில் காற்று மாற, ஓட்டமும் திசைமாறி மேற்கே செல்கிறது. கங்கையும் பிரமபுத்திராவும் கொட்டும் நன்னீர் கனம் குறைந்ததாதலின் விரிகுடாவின்மேல் மூடியிட்டாற்போல் படர்ந்து கிடக்கிறது. மேல்நீரும் அடிநீரும் கலவாமையால் சூடு கீழே இறங்காமல் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே வெப்பம் 28 பாகை செல்சியசுக்குக் குறைவதில்லை. மழைமுகிலுக்கும் சூறாவளிக்கும் தீனி இதுவே.

கடலின் சூடு இடம் மாறினால் மழையும் இடம் மாறும். பசிபிக்கில் நிகழும் அத்தகைய மாற்றமே ‘எல் நினோ’. இந்து சமுத்திரத்தின் கிழக்கு விளிம்பு குளிர்ந்து மேற்கு விளிம்பு சூடேறுவதும், சில ஆண்டுகளில் அது தலைகீழாவதும் உண்டு. சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன், யமகாத்தா ஆகிய நால்வர் 1999இல் இந்த ‘இருமுனை’ நிலையை விளக்கி எழுதினர்.

இங்கே நாம் ஒரு பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1876இல் தென்னிந்தியாவில் பருவமழை பொய்த்தது. 1877இல் பசிபிக்கில் அறியப்பட்ட எல் நினோக்களுள் மிகக் கொடியதொன்று எழுந்தது. இந்து சமுத்திரத்தின் இருமுனை ஏற்றத்தாழ்வும் அவ்வாண்டில் மிகக் கடுமையாயிருந்தது என்று இன்றைய அறிவியலாளர் கூறுகின்றனர். தமிழர் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நினைவில் வைத்திருப்பது இதன் பேரழிவையே. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்குக் குறையாதென மதிக்கப்படுகிறது. எஞ்சியோருள் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்தனர். மன்னாரில் கரையேறி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, பசியாலும் கொள்ளைநோயாலும் வழிநெடுகத் தம்மவரைப் புதைத்துக்கொண்டு அவர்கள் நடந்த பாதை மாத்தளைக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் பல்லாண்டுகள் இப்பாதையில் கால்கள் ஓயவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நின்று, இந்த நகரில் இப்படியொரு கோயில் ஏன் எழுந்தது என்று எண்ணிப் பார்ப்போருக்கு விடை அப்பாதையிலேயே கிடைக்கும்.

அவர்களை இங்கே துரத்தியது கடலா? மழையைத் தடுத்ததில் கடலுக்குப் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மக்கள் மடிந்த அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. தானியத்தின் விலையில் அரசு தலையிடலாகாது என்பது வைசிராய் லிட்டனின் உறுதியான கொள்கை. நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கணக்கிட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். மழை பொய்த்ததைப் பஞ்சமாக்கியது இந்தக் கணக்கேடு. அவ்வேட்டில் எந்த நீரோட்டமும் கையொப்பமிடவில்லை. மறுபுறத்தில், பஞ்சம் பிழைக்க வந்தோரின் மலிவான உழைப்பு இலங்கைத் துரைமாருக்குக் கைமேல் கிடைத்தது.

ஆயினும் அன்று கடல் தன் இயல்பிலேயே அசைந்தது. ‘இயற்கை பாதி, மனிதன் பாதி’ என்று பழியைப் பங்கிட அன்று இடமிருந்தது. இன்று அந்தப் பங்கீடும் செல்லாது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் பூமியில் மிகையாகத் தங்கிவிட்ட வெப்பத்தில் 90 வீதத்துக்கு மேற்பட்டதைக் கடலே விழுங்கியிருக்கிறது. 1950 முதலான எழுபது ஆண்டுகளில் இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு, நூற்றாண்டுக்கு 1.2 பாகை என்ற வேகத்தில் சூடேறி வந்துள்ளது. காற்று ஒரு பாகை சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் மிகும். ஒரு சூறாவளியை முழுவதும் மனிதன் படைத்தான் என்று சொல்வது அறிவியலாகாது. விரிகுடாவில் சூறாவளிகள் என்றும் இருந்தவையே. ஆனால் அது குடித்துவரும் நீரின் அளவில் ஆலைச் சிமினிகளின் பங்கும் கலந்திருக்கிறது.

“யாரும் வேண்டுமென்று செய்யவில்லையே! எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் எப்படி வரும்?” என்று நம் ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. இது அற்பமான கேள்வியன்று. நம் அறநூல் மரபும் மனத்தின் மாசையே முதன்மையாகப் பேசும். கொல்ல நினைத்தவனும் கல் தவறி விழச் செய்தவனும் ஒன்றல்லர். ஆனால் கல் விழும் என்று அறிந்தபின்னும் உருட்டிக்கொண்டிருப்பவனை எந்த வரிசையில் நிறுத்துவது? கரிவளி மிகுந்தால் பூமி சூடேறும் என்று சுவீடன் நாட்டு அரேனியஸ் 1896இலேயே கணக்கிட்டார். அன்று அதை ஒரு சிலரே அறிந்தனர். 1992இல் ரியோவில் உலக அரசுகள் கூடி உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர் ‘அறியோம்’ என்ற சொல் எவருக்கும் உதவாது. அறிவு வந்த நாளிலிருந்து எண்ணத்தின் கணக்கும் தொடங்கிவிடுகிறது.

இன்னொரு வாதம் இதைவிட நயமானது, அதனாலேயே ஆபத்தானது. ‘நாம் எல்லோரும் குற்றவாளிகளே, மனித குலமே திருந்த வேண்டும்’ என்பது அது. அமெரிக்கர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 தொன் கரிவளி. இலங்கையர் ஒருவருக்கு ஒரு தொன்னை ஒட்டியது. அந்த ஒரு தொன்னும் சராசரியே. விறகடுப்பு மூட்டிக் கால்நடையாய்க் கொழுந்து மலைக்குச் செல்லும் பெண்ணின் பங்கு அதில் எவ்வளவு இருக்கும்? எல்லோரையும் கூண்டில் ஏற்றும் அறம், கூண்டுக்குரியவனைக் கூட்டத்தில் ஒளித்துவிடுகிறது.

முற்போக்காளராகிய நம்மையும் ஒரு சபலம் பற்றிக்கொள்வதை மறைக்கலாகாது. பழி முழுவதையும் கடலுக்கு அப்பாலுள்ள முதலாளித்துவத்தின்மேல் இறக்கிவிட்டால் உள்ளூரில் ஒருவரையும் பகைக்க வேண்டியதில்லை! மாத்தளை மலைகளின் காட்டை அழித்துக் கோப்பி நட்டவர்கள் வெள்ளைத் துரைமார். கூலிகளைச் சரிவோரத்து லயங்களில் அடைத்தவர்களும் அவர்களே. ஆனால் 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பலவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. உடைமை கைமாறிக்கொண்டே இருந்தது. லயம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தும் அறைக்கு உறுதி இல்லாதவன், மண்சரிவில் அதை இழந்தபின் எந்தப் பத்திரத்தைக் காட்டி நட்டஈடு கேட்பான்? டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிட்டவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. இதற்கும் பசிபிக்கின் சூட்டுக்கும் தொடர்பில்லை.

பாடசாலைகளில் பருவக்காற்றைக் கற்பிக்கும் நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கரும்பலகையில் தீவை வரைந்து, அதன்மேல் வடகீழ்ப் பருவக்காற்றுக்கு அம்புக்குறி இடுகிறோம். அம்பு போய்த் தைக்கும் மலையில் யார் குடியிருக்கிறார், ஏன் அங்கே குடியிருக்கிறார் என்பது பரீட்சையில் வராத கேள்வியாதலால் அதை விட்டுவிடுகிறோம். அந்த மலைக்காரரின் பிள்ளையோ நம் எதிரே வாங்கில் அமர்ந்து அம்புக்குறியைக் கொப்பியில் பார்த்தெழுதுகிறது.

சூறாவளிக்குப் பின் மலையகத்துக் குடும்பங்கள் பல வாரக்கணக்கில் தஞ்சம் புகுந்திருந்தவை இதே வகுப்பறைகளே. வகுப்புகள் மீளத் தொடங்கும் நாள் நெருங்கியபோது அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. பாதுகாப்பான காணி இன்னும் அளந்து முடியவில்லை. வாங்குகளைத் துடைத்து வரிசையாக்கிவிட்டுச் சிலர் வெடிப்பு விழுந்த அதே சரிவை நோக்கி மூட்டைகளுடன் ஏறினர்.